போட்டிக்குப் புறப்படும் பிள்ளைக்கு வைகறை உணவு



பிள்ளைகளுக்கான விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் காலையிலேயே தொடங்கிவிடுகின்றன. மதுரை வெயிலை அறிந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் ஏழு மணிக்குப் பெயர் கொடுக்க வேண்டுமென்றால், கோரிப்பாளையத்தில் இருப்பவருக்கு அது நடை தூரம். மேலூரிலோ திருமங்கலத்திலோ வாடிப்பட்டியிலோ இருக்கும் குடும்பமோ, கிழக்கு வெளுக்கும் முன்பே பேருந்துக்கு நிற்க வேண்டும்.

அந்த அவசரத்தில் நம் இல்லங்களில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. வயிறு காலியாக இருந்தால்தான் உடம்பு இலேசாக இருக்கும் என்றெண்ணி, ஒரு குவளைத் தேநீரோடு பிள்ளையை அனுப்பிவிடுவது ஒன்று. இன்றைக்கல்லவா தெம்பு வேண்டும் என்ற பாசத்தால் நெய்யும் முட்டையுமாக வற்புறுத்தி ஊட்டி, வயிறு கனக்க அனுப்பிவைப்பது மற்றொன்று. முன்னது அறியாமை, பின்னது அறியாத அன்பு. பாதிப்பு என்னவோ பிள்ளைக்குத்தான்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவள் ஏறி நின்று சுழலும் சமநிலைக் கட்டையின் அகலம் வெறும் 10 சென்டிமீட்டர். தரையிலிருந்து அதன் உயரம் 125 சென்டிமீட்டர். வெறும் வயிற்றோடு ஏறி, ஒரு கணம் கண் இருட்டினால் போவது பரிசுக் கோப்பை மட்டுமன்று. கழுத்துக்கும் முதுகுத் தண்டுக்கும் கேடு வரலாம். நிறைந்த வயிற்றோடு தலைகீழாகச் சுழன்றாலோ உண்டதெல்லாம் தொண்டைக்கு வந்துவிடும். ஆகவே, அன்று காலை நீங்கள் வைக்கும் உணவு வெற்றிக்கான உணவு என்பதைவிட, பாதுகாப்புக்கான உணவு என்பதே பொருந்தும்.

ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு

1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டி. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி முடித்தார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரமோ 55.41. நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கம் கை நழுவியது.

பல ஆண்டுகளுக்குப் பின், 2018இல் வெளியான ஒரு நேர்காணலில் உஷா அந்நாளைய உணவை நினைவுகூர்ந்தார். அங்கே அமெரிக்க உணவுதான் கிடைக்கும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது தமக்கு ஒத்துவரவில்லை. அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமே உண்டு ஓட நேர்ந்தது. கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்ததற்கு அதுவும் காரணம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இதனால் கஞ்சி தாழ்ந்த உணவு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழகிய உணவு, போதிய அளவில், உரிய நேரத்தில் கிடைக்க முன்னேற்பாடு வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம். ஒலிம்பிக் வீராங்கனைக்கே இந்நிலை என்றால், மாவட்டப் போட்டிக்குச் செல்லும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த முன்னேற்பாட்டைச் செய்வது யார்? நீங்களும் நானும்தாமே!

இரவெல்லாம் நடக்கும் செலவு

நாம் உறங்கும்போதும் மூளை தன் வேலையை நிறுத்துவதில்லை. அதற்கு இடையறாது சர்க்கரைச் சத்து வேண்டும். கல்லீரலில் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தே இரவு முழுதும் அதை வழங்குகிறது. எட்டு, ஒன்பது மணி நேரம் உண்ணாதிருந்தால் அச்சேமிப்பில் கணிசமான பகுதி கரைந்துவிடும். தசைகளுக்கும் தனிச் சேமிப்பு உண்டு. ஆனால் அது அந்தந்தத் தசையின் சொந்தச் செலவுக்கு மட்டுமே. அதை இரத்தத்துக்குத் திருப்பித் தந்து மூளைக்கு உதவ இயலாது. காலையில் உண்ணாத பிள்ளையின் கை கால்களில் வலு இருந்தும், கவனமும் சமநிலையும் தடுமாறுவதன் காரணம் இதுதான்.

அந்தக் குறையை நிரப்புவதில் மாவுச்சத்து முந்துகிறது. எண்ணெயும் நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் வயிற்றைவிட்டு மெல்ல நகர்பவை. அவை நல்லுணவே ஆயினும், அந்த நேரத்துக்கு உரியவை அல்ல.

நமக்குத் தெரிந்த கலைதான்

இதையெல்லாம் வைகறையில் எழுந்து செய்ய இயலுமா என்று மலைக்க வேண்டாம். உலகில் வேறு எவருக்கும் இல்லாத பயிற்சி நமக்கு உண்டு. ஆண்டில் ஒரு மாதம் நம் தாய்மார்கள் ஊர் உறங்கும் வேளையில் அடுப்பு மூட்டி, உறக்கம் கலையாத பிள்ளைகளை எழுப்பி, குறித்த நேரத்துக்குள் உண்ணவைத்துவிடுகிறார்களே! ஸஹர் உணவில் பரக்கத் இருக்கிறது என நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் அறிவோம். நாளெல்லாம் தாங்கக்கூடியதை அளவோடு உண்டு, தண்ணீரை மறவாமல் குடிக்கும் அந்த ஒழுங்கைப் போட்டி நாளுக்கும் கொண்டுவந்தால் போதும்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில், ரமளான் நோன்பு நோற்றபடியே ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். வைகறை உணவின் ஒழுங்கை அறிந்த மனிதரால் எவ்வளவு இயலும் என்பதற்கு அது சான்று. ஆனால் அவர் முதிர்ந்த வீரர். பருவம் எய்தாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. போட்டி நாளில் அதை நோற்குமாறு அப்பிள்ளையைத் தூண்ட வேண்டாம். பருவம் எய்திய பிள்ளையானால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

எப்போது, எவ்வளவு?

போட்டிக்கு இரண்டரை மணி நேரம் முன்பு உண்பது நல்லது. அப்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 2 கிராம் மாவுச்சத்து என்று கணக்கிடலாம். ஒரு மணி நேரமே இருக்குமானால் கிலோவுக்கு 1 கிராம் போதும்.

30 கிலோ எடையுள்ள பிள்ளையை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்குப் போட்டி. மதுரையில் பஜ்ரு நேரம் ஆண்டு முழுதும் ஐந்து மணியை ஒட்டியே தொடங்குகிறது. பிள்ளை எழுந்ததும் ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கட்டும். தொழுகை முடித்து ஐந்தரை மணிக்கு பிஸ்மில்லாஹ் சொல்லி அமரட்டும். நடுத்தர அளவில் மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம். இட்லி ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம், பழத்தில் 20 கிராம், பேரீச்சம்பழம் ஒன்றுக்கு 5 கிராம் என்று கூட்டினால் 60 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள நீர்த்த சாம்பார் போதும். காரச் சட்னி வேண்டாம். இட்லிக்குப் பதில் இடியாப்பத்தில் சிறிது சர்க்கரை தூவியும் கொடுக்கலாம். தேங்காய்ப்பாலை மட்டும் அன்று விலக்கிவிடுங்கள். சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் மிக நன்று.

பூரி, பரோட்டா, எண்ணெய் மிதக்கும் தோசை, கெட்டியான பருத்திப்பால் ஆகியவற்றை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள். பால் சில பிள்ளைகளுக்கு வயிற்றை உப்பச் செய்யும். பழக்கமிருந்தால் மட்டும் சிறிதளவு கொடுக்கலாம்.

வெளியூர்க் குடும்பங்களுக்கு ஒரு சொல். ஓடும் பேருந்தில் உண்டால் பல பிள்ளைகளுக்குக் குமட்டும். ஆகவே புறப்படும் முன் பாதியும், இறங்கியதும் பாதியுமாகப் பிரித்துக் கொடுங்கள். அந்தப் பாதியைத் தூக்குப் பாத்திரத்தில் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மைதானத்து வாசலில் கிடைப்பதை நம்ப வேண்டாம்.

ஜிம்னாஸ்டிக்ஸில் பெண் பிள்ளைகளுக்கு நான்கு பிரிவுகள், ஆண் பிள்ளைகளுக்கு ஆறு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுநேரம் காத்திருக்க நேரும். அப்போது ஒரு பேரீச்சம்பழம் அல்லது பாதி வாழைப்பழம், சில மிடறு தண்ணீர் கொடுங்கள். ஒரே மூச்சில் செம்பு நிறையக் குடிக்க விடாதீர்கள்.

முதல் நாள் இரவே தொடக்கம்

நம் ஊர் தூங்கா நகரம். நள்ளிரவிலும் பரோட்டாக் கல்லின் ஓசை கேட்கும் ஊர். ஆயினும் போட்டிக்கு முந்திய இரவில் அந்த ஓசைக்குச் செவி கொடுக்க வேண்டாம். எட்டு மணிக்குள் சோறு, பருப்பு, கொஞ்சம் கோழி அல்லது மீன், ஒரு காய்கறி என்று உண்டு, இஷாத் தொழுகைக்குப் பின் பிள்ளை உறங்கட்டும். காலையில் கொடுக்கவிருக்கும் அதே உணவை, அதே நேரத்தில், பயிற்சி நாள்களில் இரண்டு மூன்று முறை கொடுத்துப் பாருங்கள். எது ஒத்துக்கொள்கிறது என்பதை எந்த நூலையும்விடப் பிள்ளையின் வயிறே நன்றாகச் சொல்லும். போட்டி நாளில் புதிய உணவு எதையும் நுழைக்காதீர்கள்.

"எனக்கு வேண்டாம்மா" என்றால்?

பதற்றம் மிகுந்தால் வயிற்றுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறையும், பசி மறையும். அது அடம் அன்று, உடலின் இயல்பு. அதட்டி ஊட்டினால் வாந்தியில் முடியும். உப்பிட்ட அரிசிக் கஞ்சியை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். அதுவும் இறங்காவிட்டால் பேரீச்சம்பழத்தைச் சிறு துண்டுகளாக்கி அருகில் வையுங்கள். பதக்கப் பேச்சை அன்று காலை எடுக்காதீர்கள். குறிப்பாக அத்தாமார்களுக்கு இந்த வேண்டுகோள்! "ஜெயித்துவிட்டு வா" என்று வழியனுப்பும் சொல்லைவிட, "அல்லாஹ் உன்னைப் பாதுகாப்பான், போய் வா" என்ற சொல் பிள்ளையின் வயிற்றுக்கும் இதமானது.

பட்டினி எனும் பகை

இனிச் சொல்லப்போவது யாவற்றிலும் முக்கியமானது. உடல் மெலிந்திருந்தால்தான் இந்த விளையாட்டில் சிறக்கலாம் என்ற எண்ணம் பயிற்சிக் கூடங்களில் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் கிறிஸ்டி ஹென்ரிச் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையிடம், எடையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு நடுவர் சொன்னார். அன்று தொடங்கி உணவை வெறுத்த அந்தப் பெண், 1994ஆம் ஆண்டு ஜூலையில் உடலுறுப்புகள் செயலிழந்து இறந்தார். வயது 22.

நம் நாட்டின் நிலையோ வேறு வகையில் கவலை தருகிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். தேநீரோடு மட்டும் அனுப்பப்படும் மகளின் நிலை புரியும். பயிற்சி செய்யும் மகளுக்கு மாதவிலக்கு நின்றுபோனாலோ, 15 வயதாகியும் தொடங்காவிட்டாலோ, அடிக்கடி எலும்பு முறிந்தாலோ, நாணத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போதிய உணவு இல்லாமையின் அறிகுறிகளாக அவை இருக்கக்கூடும். எடையைக் குறைக்க உணவை நிறுத்துமாறு எவர் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் ஏற்காதீர்கள்.

இடைவிடாது நோன்பு நோற்றும் இரவெல்லாம் நின்று வணங்கியும் வந்த தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டு என நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்துக்காகவே உடலின் உரிமையைப் பறிக்கலாகாது என்றால், பதக்கத்துக்காகப் பறிக்கலாமா?

ஊட்டும் கை

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான காலை உணவுத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கிய இடம் வேறெங்கும் இல்லை. நம் நெல்பேட்டையிலுள்ள ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளிதான். முதற்கட்டமாக 1,545 பள்ளிகளுக்கு அத்திட்டம் சென்றது. காலையில் உண்ணாத பிள்ளையால் கற்க இயலாது என்பதை அரசே ஏற்றுக்கொண்ட நாள் அது. கற்க இயலாத பிள்ளை கட்டையில் ஏறி நிற்க மட்டும் எவ்வாறு இயலும்?

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியின் கதையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டியின் உழைப்பில் வளர்ந்தவர். வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவர். பயிற்சியாளர் கண்ணனின் துணையோடு முன்னேறி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடர் ஓட்டத்தில் நாட்டுக்காக ஓடினார். அவர் ஓடியதை உலகம் பார்த்தது. அதற்கு முன் எத்தனையோ காலைகளில் அவருக்குப் பசியாற்றிய முதிய கைகளை எந்தப் படக்கருவியும் காட்டவில்லை.

அந்தக் கைகளின் வரிசையில்தான் சகோதரியே, உங்கள் கையும் இருக்கிறது. மூன்று இட்லியும் ஒரு பழமும் பெரிய விருந்தல்ல. ஆனால் இருட்டில் எழுந்து, அளவறிந்து, அதட்டாமல் ஊட்டிய அந்த உணவின் துணையோடுதான் உங்கள் பிள்ளை பத்து சென்டிமீட்டர் கட்டையில் தடுமாறாமல் நிற்கும். வெற்றியும் தோல்வியும் இறைவன் நாட்டம். பிள்ளை நலமாக வீடு திரும்புவதற்கான ஏற்பாட்டைச் செய்வது நம் பொறுப்பு. அப்பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நம் மக்களுக்கு உடல் நலத்தையும் உள்ள உறுதியையும், நம் உணவில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.