கயிற்றை மட்டும் நம்பலாமா?

லிஸ்பன் நகரின் ரெஸ்டவுரடோரஸ் சதுக்கத்திலிருந்து சாவ் பெத்ரு த அல்காந்தரா மேட்டுக்கு ஏறினால், எதிர்க் குன்றின் சாவ் ஜார்ஜ் கோட்டையும் இடைப் பள்ளத்தின் ஓட்டுக் கூரைகளும் ஒரே பார்வையில் கிடைக்கும். 1885 முதல் அந்த மேட்டுக்கு ஆள் ஏற்றியது குளோரியா என்ற மஞ்சள் டிராம். முந்நூறு மீட்டர்கூட இல்லாத பாதைதான். ஆனால் சுமார் 18 சதவீதச் சரிவு. வண்டியின் அடிச்சட்டம் ஆப்பு போலச் சாய்வாக அமைந்திருப்பதால் உள்ளே தரை சமமாகவே இருக்கும். பழனி மலையின் வின்ச்சும் இதே குடும்பம் என்பதால், வண்டி எப்படிக் கயிற்றில் ஏறுகிறது என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுவையான விஷயம் வேறு: இதில் ஏறும் வண்டிக்கு உண்மையான வலு, இறங்கும் வண்டிதான்.

ஒரே கப்பியில் இரண்டு வாளிகளைக் கட்டிய கிணறு மாதிரி, ஒன்று கீழே போக மற்றது மேலே வரும். எடைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால், மோட்டார் ஈடுகொடுக்க வேண்டியது பயணிகளின் எடை வித்தியாசத்துக்கும் உராய்வுக்கும் மட்டுமே. தொடக்கத்தில் குளோரியாவுக்கு மோட்டாரே கிடையாது. மேலே நிற்கும் வண்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் அது கனத்து இறங்கும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். போர்ச்சுகலின் பிராகா நகரில், பொம் ஜெசூஸ் மலையில் 1882இல் தொடங்கிய வண்டி இன்றும் தண்ணீரில்தான் ஓடுகிறது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூரில் 1899 முதல் ஓடும் வண்டிக்கு எடை தருவது மேல் ஊரின் சாக்கடை நீர்! புகையும் இல்லை, மின்கட்டணமும் இல்லை.

ஆனால் இந்தச் சமநிலை முழுவதையும் தாங்குவது ஒரே கயிறு. 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியாவில் அது மேல்வண்டியோடு இணையும் இடத்தில் அற்றுப்போனது. பணியாளர் பிரேக்குகளைப் போட்டும் வண்டி நிற்கவில்லை. வளைவில் தடம் புரண்டு கட்டடத்தில் மோதியது. 16 பேர் மாண்டார்கள். அன்று காலைதான் கயிற்றைப் பார்வையிட்டிருந்தார்கள். ஆனால் அற்ற இடம், பாகங்களைக் கழற்றாமல் கண்ணுக்கே தெரியாத இடம். கயிறு போனால் பிரேக்குகளால் மட்டும் வண்டியை நிறுத்த முடியாது என்று முதல்கட்ட விசாரணை சொல்கிறது. பயணிகள் போக்குவரத்துக்குச் சான்று பெறாத கயிறு பொருத்தப்பட்டிருந்ததும் அதில் தெரியவந்தது.

நூற்று நாற்பது ஆண்டு ஓடிய அமைப்பைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். ஓடியது வண்டிதான், கயிறு அவ்வப்போது மாற்றப்படும் பொருள். வண்டியின் வயது கயிற்றுக்கு உத்தரவாதம் ஆகாது. 2002இல் தேசிய நினைவுச்சின்னமான ஒன்றில் புதிய பிரேக்கைப் பொருத்தினால் பழமை கெடாதா என்பது இன்னொரு கேள்வி. ஹாங்காங்கின் பீக் டிராம் 1888இல் நீராவியில் தொடங்கி, 1926இல் மின்சாரத்துக்கு மாறி, 1989இலும் 2022இலும் அடியோடு புதுப்பிக்கப்பட்டது. இன்றும் அதே மலையில் ஏறுகிறது. அதைப் பழைய டிராம் அல்ல என்று யாரும் சொல்வதில்லை. பழமை என்பது தடத்திலும் வடிவத்திலும் இருக்கட்டும், பிரேக்கில் வேண்டாம். வண்டிக்கு மஞ்சள் வர்ணம் தீட்டிச் சுற்றுலாப் படங்களில் போட்டுக்கொள்வது மட்டும் பராமரிப்பு ஆகிவிடாது. கயிறு அறுந்தாலும் வண்டி நிற்குமா? மலை வண்டி நடத்தும் எவரும் முதலில் சொல்ல வேண்டிய பதில் இதற்குத்தான். சொல்ல முடியாதவர்கள் அதுவரை வண்டியை நிறுத்திவைக்கட்டும்.