மாடிப்படியின் கீழே ஒரு குளம்

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் புதிது புதிதாக எழும்பும் தாமான்களில் இரண்டடுக்கு வீடு வாங்கிக் கிருகப்பிரவேசம் செய்யும் நம்மவர்கள், சுவாமி அறைக்கு இடம் ஒதுக்கிய கையோடு மீன்தொட்டிக்கும் இடம் குறித்துவிடுவது இப்போது ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. கடையில் தயாராக விற்கும் நீள்சதுரத் தொட்டி அவர்களுக்குப் போதுவதில்லை. மாடிப்படியின் கீழ் வீணாய்க் கிடக்கும் மூலை நிறைய வேண்டும், கூடத்திலிருந்தும் சாப்பாட்டு மேஜையிலிருந்தும் மீன் தெரிய வேண்டும் என்ற ஆசையினால், சுவரோடு சுவராக மடங்கிச் செல்லும் ‘எல்’ வடிவத் தொட்டியைக் கண்ணாடிக்காரரிடம் அளவு சொல்லிச் செய்விக்கிறார்கள். வடிவத்துக்குச் செலவாகும் யோசனையில் பாதியாவது அதற்குள் நிற்கப்போகும் தண்ணீருக்குச் செலவாகிறதா என்பதுதான் கேள்வி.

தோட்டத்து லயங்களில் வளர்ந்த தலைமுறைக்கு மீன் வளர்ப்பது புதிதன்று. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் பால்மரக் காட்டு ஓரத்து வாய்க்கால்களில் பிடித்த சண்டை மீனையும் செபாட்டையும் போத்தலில் விட்டு, சோற்றுப் பருக்கை போட்டு வளர்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அம்மீன்கள் அந்த அழுக்கு நீரில் நெடுநாள் உயிரோடிருந்ததற்கு வளர்த்தவரின் சாமர்த்தியம் காரணமன்று; பனையேறிக் கெண்டைக்கு உறவான அந்த ஜாதி, செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாய் அமைந்த ஓர் உறுப்பின் உதவியால், நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே நேராகச் சுவாசிக்க வல்லது. பினாங்கிலிருந்து விலை கொடுத்து வாங்கிவரும் டிஸ்கஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நீரில் கரைந்த பிராணவாயு ஒன்றே அதற்குக் கதி. ஆகவே போத்தலில் கற்ற பாடத்தை நம்பிப் பெருந்தொட்டியைத் திட்டமிடுவது அபாயமாக முடியும்.

முதலில் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். வெளிப்பக்கம் ஒரு கை 6 அடி, மறு கை 4 அடி, அகலம் 2 அடி, உயரம் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். நீளத்தையும் பக்கத்தையும் உயரத்தையும் அப்படியே பெருக்கினால் 48 கன அடி வரும். ஆனால் மடிப்பினால் விடுபட்டுப்போன மூலையைக் கழித்தால் உள்ளபடி நிற்பது 32 கன அடி, அதாவது சுமார் 900 லிட்டர். முதல் கணக்கை நம்பி வாங்குகிறவர் தேவைக்கு ஒன்றரை மடங்கு பெரிய பம்பையும் ஹீட்டரையும் வீட்டுக்குக் கொண்டுவருவார். தண்ணீர் மட்டுமே 900 கிலோ. கண்ணாடி, மணல், கல், தாங்கும் இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும் என்பதால், இதைக் கீழ்த்தளத்தில் அன்றி மாடியில் வைக்கும் எண்ணத்தைக் கட்டடம் அறிந்த ஒருவரைக் கேளாமல் யாரும் கொள்ளலாகாது.

வடிவத்தின் உண்மையான தொந்தரவு மடிப்பில் இருக்கிறது. நீர் வடிந்து இறங்கும் வாயையும், சுத்தமாகித் திரும்பி வரும் குழாயையும், மறைப்பதற்குச் சௌகரியம் என்று இரண்டையும் மூலையிலேயே வைத்துவிட்டால், ஓட்டம் மூலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரு கைகளின் கோடிகளிலும் மீனின் கழிவும் தின்னாது விட்ட தீனியும் படிந்து அழுகும். ஒரு கையின் நுனியில் வடிவாய், மறு கையின் நுனியில் வரவுக் குழாய் என்று அமைத்தால்தான், தண்ணீர் வேறு வழியின்றித் தொட்டி முழுவதையும் கடந்து செல்லும். மணிக்கு நாலைந்து தடவை தொட்டி நீர் முழுதும் வடிகட்டிக்குள் போய்வர வேண்டும் என்பது வளர்ப்போர் வைத்திருக்கும் பொதுவான அளவு. 900 லிட்டருக்கு அது மணிக்கு 4,000 லிட்டர் ஆகிறது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண், நீரை மேலே தூக்கும் உயரத்தைக் கருதாதது. ஐந்தடி ஏற்றினால் அதில் கணிசமான பகுதி குறைந்துபோகும்.

வடிகட்டுவது என்றால் தூசியைப் பிடிப்பது மட்டும் என்று எண்ணுவோர் பலர். மீன் வெளியிடும் அம்மோனியா விஷத்தை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதனை அத்தனை கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பஞ்சும் பீங்கான் வளையமும் அவை குடியிருக்கும் இடமேயன்றி வேறில்லை. இந்தக் குடியிருப்பு நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கிருகப்பிரவேசத்துக்கு முதல் நாள் தொட்டியை நிரப்பி மறுநாள் விருந்தினர் பார்க்க மீன் விடுவது, அவற்றைக் கொல்வதற்கு நல்ல நாள் பார்த்ததாகவே முடியும். ஓசையில்லாத, இடம் அடைக்காத மூடிய கேனிஸ்டர் வடிகட்டியே வீட்டுக்கு ஏற்றது என்பாரும் உண்டு. ஆயினும் இவ்வளவு பெரிய தொட்டிக்கு, சம்ப் என்று கடைக்காரர் சொல்லும், கீழே திறந்தவாறு நிற்கும் அடித்தொட்டியே என் அபிப்பிராயத்தில் உத்தமம்.

இனி உஷ்ணம். 1850களில் லண்டனில் இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றிய நாள்தொட்டு, இதைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் குளிர்தேசத்தார் எழுதியவை. ஆதலால் ஹீட்டர் இன்றித் தொட்டி இல்லை என்ற பாவனை அவற்றில் ஊறியிருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அலோர்ஸ்டார்ப் பகுதியின் பகல் வெயில் 34 பாகையைத் தொடுகையில், நம் தொட்டிக்கு வேண்டியது சூடன்று, குளிர்ச்சி. 25 பாகையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 பாகையிலோ அது 7.6 ஆகக் குறைகிறது. அதே வேளையில் அம்மோனியாவின் விஷக்கூறு உயர்கிறது. மூடியைச் சற்றுத் திறந்து, அடித்தொட்டியின்மேல் சிறு காற்றாடி ஒன்றை வைத்தாலே, நீர் ஆவியாகும் வழியில் இரண்டொரு பாகை இறங்கும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் டிஸ்கஸ் வைத்திருப்பவருக்கு மட்டும் ஹீட்டர் அவசியம். அவரும் 600 வாட்டில் ஒன்று வாங்காமல் 300 வாட்டில் இரண்டாக வாங்குவது நலம். ஹீட்டரின் கட்டுப்பாடு பழுதாகி அணையாமல் நின்றுவிட்டால், 600 வாட் இந்த 900 லிட்டரை ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணிக்கு ஒரு பாகை வீதம் சூடேற்றும். வீட்டார் தூங்கி எழுவதற்குள் நாலு பாகை ஏறியிருக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. பிற்பகல் இடியோடு மின்சாரம் போகிறது, பம்பு நிற்கிறது. வரவுக் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீரும் அதே குழாய் வழியாகத் திரும்பி அடித்தொட்டிக்குள் இறங்கும். நம் தொட்டியில் ஒரு அங்குலம் என்பது சுமார் 38 லிட்டர். மூன்றடிக்கு ஒன்றரையடி அடித்தொட்டியில் அது மூன்றரை அங்குலத்துக்கு மேல் ஏறும். வாய் நாலு அங்குலம் ஆழ்ந்திருந்தால் 150 லிட்டர், கூடத்துத் தரையில்தான். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளையிட்டால் காற்று புகுந்து ஓட்டம் அறுபடும். அத்துளையைப் பாசி அடைத்துக்கொள்ளும் என்பதால் வாரந்தோறும் ஒரு குச்சியால் குத்திவிட வேண்டும். மின்சாரம் மீளாவிட்டால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பை எடுத்துப் போட வேண்டும். மூடிய வடிகட்டியானால், சில மணி நேரத்தில் உள்ளே மூச்சுமுட்டி அழுகிய நீரைக் கொட்டிக் கழுவாமல் மறுபடி ஓடவிடக் கூடாது.

இதையெல்லாம் செய்வது யார்? தொட்டியைத் திட்டமிட்ட மகன் பினாங்குத் தொழிற்சாலையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான். விடுமுறைக்கு வந்து தீனி போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறான். தோட்டத்தை விட்டு அவனோடு இந்த வீட்டுக்கு வந்த தாயும் தகப்பனும்தாம் இடி இடிக்கும் வேளையில் அங்கே இருப்பவர்கள்; எந்த வால்வு எதை அடைக்கும் என்பதை அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. “ஐயா, அதைத் தொடாதீங்க” என்பதே அவர்கள் பெற்ற பயிற்சி. விலையுயர்ந்த பம்பும் அளவெடுத்த குழாயும் அந்தச் சொல்லினால் நிஷ்பிரயோஜனமாகின்றன.

ஆகவே கண்ணாடிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், வீட்டில் நித்தியமும் இருக்கப்போகிறவர் எவரோ அவரை உட்காரவைத்து, பம்பை நிறுத்திக் காட்டி, நீர் இறங்கி எங்கே நிற்கிறது என்று அவர் கையாலேயே குறிக்கச் சொல்லும்படியாகத் திட்டம் அமையட்டும்; வால்வுகளில் தமிழில் பெயர் எழுதி ஒட்டட்டும். அதற்கு அவருக்கு விருப்பமோ உடல்வலிமையோ இல்லையென்றால், மூன்றடி நீள்சதுரத் தொட்டி ஒன்றும் அவர் நாளும் பார்த்துக்கொள்ளக்கூடிய நாலைந்து மீன்களும் அந்த வீட்டுக்குப் போதும். மாடிப்படி மூலையில் செருப்பு அலமாரி வைத்துக்கொள்ளலாம்.