காவல் நாயைப் புதுக் கோழிகளுடன் பழக்குவது எப்படி?

2025 நவம்பரில் டித்வா சூறாவளியும் மண்சரிவுகளும் மலையகத்தில் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. புதிய இடத்தில் மறுபடி தொடங்குவோருக்கு நாலைந்து கோழிகள் பெரிய உதவி. பிள்ளைகளுக்கு முட்டை, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. டிக்கோயாப் பக்கத்தில் கீரியும் மரநாயும் உண்டு. வீட்டு நாயே காவல். ஆனால் அந்த நாயே கோழியைப் பிடித்துவிட்டால் கோழியும் போகும், நாயையும் துரத்திவிடுவோம்.

இது நாயின் கெட்ட குணமல்ல. சிறகடித்து ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. புதுக் கோழி நம் வீட்டுக்குரியது என்பதை நாமே அதற்குப் பழக்க வேண்டும்.

இத்தாலியின் மரெம்மா நாய்கள் மந்தை காப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அவுஸ்திரேலியாவின் வார்ணம்பூலில் ஒரு கோழிப் பண்ணையாளர் இவற்றைக் காவலுக்கு வைத்திருந்தார். அவர் யோசனைப்படி 2006 முதல் அருகிலுள்ள தீவில் சிறு பென்குயின்களை நரியிடமிருந்து காக்கவும் இவை பயன்பட்டன. எமது ஊர் நாய்க்கு அந்தப் பரம்பரை இல்லை. ஆகவே கூடுதல் பொறுமை தேவை.

பழக்கும் முறை

1. புதுக் கோழிகளை இரண்டு வாரமாவது தனிக்கூட்டில் அடைத்து வையுங்கள். பழைய கோழிகளுக்கு நோய் தொற்றாது. நாய்க்கும் அவற்றின் வாசனை பழகும்.

2. நாய்க்குச் சாப்பாடு கொடுத்த பிறகு, சங்கிலியில் பிடித்துக் கூட்டுக்குச் சற்றுத் தள்ளி உட்கார வையுங்கள். பேசாமல் இருந்தால் ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். உடம்பை விறைத்து முறைத்துப் பார்த்தால் இன்னும் தூரம் கொண்டு போங்கள். தினம் இரண்டு முறை, சில நிமிடங்கள் போதும்.

3. கூட்டருகே அமைதியாக இருக்கப் பழகியபின் கோழிகளை வெளியே விட்டு, நாயைச் சங்கிலியுடன் அவற்றினிடையே நடத்துங்கள்.

4. சில வாரங்கள் தவறில்லாமல் நடந்தால் சங்கிலியைக் கழற்றலாம். ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தனியாக விட மாதங்கள் ஆகும். ஒரு வயதுக்குட்பட்ட நாய் விளையாட்டாகத் துரத்தியே கோழியைக் கொன்றுவிடும்.

5. நாயின் சாப்பாட்டைக் கோழிகள் எட்டாத இடத்தில் வையுங்கள். தட்டில் கொத்த வரும் கோழியையே நாய் முதலில் கடிக்கும்.

செய்யக் கூடாதவை

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டுவதும் அடிப்பதும் பயத்தை வளர்க்குமே தவிர, காவலைக் கற்பிக்காது. செத்த கோழியையும் குடலையும் நாய்க்குப் போடாமல் ஆழப் புதையுங்கள். பலமுறை கோழி கொன்ற நாயைக் கோழிகளோடு விடாதீர்கள். அது வேலிக்கு வெளியே காவல் இருக்கட்டும்.

இரவில்

கோழிக்கூட்டை நன்றாகப் பூட்டுங்கள். இந்தத் தேயிலை மலைகளில் சிறுத்தை உண்டு. கட்டிப்போட்ட நாய் அதற்கு எளிய இரை. ஆகவே நாயை வெளியே கட்டாமல் அடைப்புக்குள் படுக்கவிடுங்கள். சிறுத்தைக்குப் பயந்து கம்பிக் கண்ணி வைக்கவேண்டாம். 2020 மே மாதம் லக்ஷபானத் தோட்டத்தில் கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்தது. அதே கண்ணியில் நம் நாயும் சிக்கும்.

ஆண்டுதோறும் நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போடத் தவறாதீர்கள். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இது முதற் கடமை.