மாமாவின் வண்டிக்கு எந்த டயர்?

ஒரகடம் சந்திப்பில் பத்து நிமிடம் நின்று பார்த்திருக்கிறீர்களா? வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் அது. புதுக் கார்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர்கள், தொழிலாளர்களை ஏற்றிவரும் பேருந்துகள், கன்டெய்னர் லாரிகள் என்று ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். அவற்றின் டயர்களை எண்ணத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் கணக்குத் தப்பிவிடும். டயர்கள் இங்கே ஓடுவதோடு நிற்கவில்லை, பிறப்பதும் இங்கேதான். அப்போலோ நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை ஒரகடத்தில் இருக்கிறது. ஜே.கே. டயர், சியட் ஆகியவற்றின் ஆலைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கின்றன.

இப்போது ஒரு கற்பனை செய்துகொள்வோம். உங்கள் மாமா இந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில் வேலை பார்க்கிறார். பழைய டஸ்டர் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். அதுவும் இந்த ஊர்ப் பிள்ளைதான். 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் ஆலையில் 2012இலிருந்து டஸ்டர் தயாரானது. என்ஜினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகும் வகை 2014இல் வந்தது. 2022இல் அந்தப் பழைய டஸ்டரின் உற்பத்தி நின்றுவிட்டாலும், சாலைகளில் இன்னும் நிறைய ஓடுகின்றன. மாமா வாங்கியது நான்கு சக்கர இயக்க வகை. டயர்கள் வழவழவென்று தேய்ந்துவிட்டன. புது டயர் வாங்கக் கடைக்குப் போகிறார், உங்களையும் கூட்டிப்போகிறார். கடையில் முரட்டுப் பட்டன்கள் வைத்த பெரிய டயர் ஒன்று கண்ணைப் பறிக்கிறது. "இதைப் போட்டால் எந்தச் சேற்றிலும் போகலாம், இல்லையா?" என்று மாமா உங்களைக் கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு கணக்கு.

அஞ்சலட்டை அளவு தரை

நான்கு பேர் ஏறிய அந்த வண்டியின் எடை சுமார் 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 400 கிலோ. டயரில் 32 பவுண்டு காற்று இருக்கிறது. அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தம். நம் அளவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. வண்டியைத் தாங்குவது பெரும்பாலும் இந்தக் காற்றுதான். ஆகவே 400ஐ 2.25ஆல் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு கிடைக்கும். ஏறக்குறைய 178 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்! நூறு கிலோமீட்டர் வேகத்தில் நான்கு உயிர்கள் நான்கு அஞ்சலட்டைகளின் மேல் போகின்றன.

இந்தக் கணக்கை வீட்டிலேயே சரிபார்க்கலாம். உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டம் போட்ட கணிதத் தாளை வையுங்கள். டயரில் சுண்ணாம்புத் தூளைத் தடவிவிட்டு, நண்பன் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள ஏறி உட்காருங்கள். இறங்கித் தாளில் பதிந்த கட்டங்களை எண்ணுங்கள். பிறகு காற்றைப் பாதியாகக் குறைத்து, அதையே மறுபடி செய்யுங்கள். தடம் ஏறக்குறைய இரண்டு மடங்காக நீண்டிருக்கும். சைக்கிள் டயரின் ரப்பர் விறைப்பாக இருப்பதால் கணக்கு முழுக்கச் சரியாக வராது. ஆனால் போக்கு தெரிந்துவிடும்.

மழை வடிந்த ஏரியின் ஓரத்தில் நீங்கள் நடந்து போகிறீர்கள். காலணி மட்டும் கொஞ்சம் அழுக்காகிறது. அதே இடத்தில் கார் அச்சுவரை புதைகிறது. உங்கள் எடை 50 கிலோ, இரு பாதங்களின் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர் என்றால், நீங்கள் தரையை அழுத்துவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.17 கிலோதான். கார் அதைப்போல 13 மடங்கு அழுத்துகிறது. ஈரக் களிமண்ணுக்கு அந்த அழுத்தத்தைத் தாங்கும் வலு இல்லை.

தாத்தாக்களுக்கு இது தெரிந்த விஷயம். மரச்சக்கரத்தில் இரும்புப் பட்டை கட்டிய பழைய மாட்டுவண்டி மணலில் எப்படித் திணறும் என்று கேட்டுப் பாருங்கள். காற்றடைத்த டயர் வண்டி வந்தபிறகு அதே மாடுகள் கூடுதல் பாரத்தை இழுத்தன.

பாலைவனத்தில் கற்ற பாடம்

1920களின் கடைசியில் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே விரியும் மணல் கடலைச் சாதாரண ஃபோர்டு கார்களில் கடக்கக் கிளம்பினார். அவை நான்கு சக்கர இயக்கமும் இல்லாதவை. பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளும். ஒட்டகங்களே தயங்கும் மணல் குன்றுகளின் மேல் அவர் எப்படி ஏறினார்? டயர்களிலிருந்து காற்றை இறக்கினார். டயர் தளர்ந்து, தரையைத் தொடும் பகுதி நீண்டது, அழுத்தம் குறைந்தது, மணல் தாங்கிக்கொண்டது. புதைந்தால் போட்டு ஏற நீண்ட இரும்புத் தகடுகளையும் கூடவே எடுத்துப்போனார். மணலின் இயற்பியலைப் பற்றி 1941இல் அவர் எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி ஊர்தி 2015இல் போய்ப் பார்த்த மணல் குன்றுகளுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலர்ந்த மணலில் பெரிய பட்டன்கள் உதவுவதில்லை. சக்கரம் சுழலச் சுழல அவை மண்வெட்டிபோல மணலைத் தோண்டி வெளியே வீசும். வண்டி தன் குழியைத் தானே வெட்டிக்கொள்ளும். சேற்றில் கதை வேறு. அங்கே மண் பட்டன்களுக்கு நடுவே போய்ச் சிக்குகிறது. அந்த மண்கட்டி உடையாமல் தாங்கும்வரை வண்டி முன்னே நகரும். இடைவெளி குறைந்த டயரில் சேறு அப்பிக்கொண்டு, டயர் களிமண் உருண்டையாகிவிடும். இடைவெளி அகன்ற டயர் சுழலும்போது சேற்றை உதறிவிடும். நாற்று நடுமுன் சேறடிக்கும் டிராக்டருக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்களே, அது இந்தத் தத்துவத்தின் கடைசி எல்லை. கேஜ் வீலோடு தார்ச்சாலையில் போனால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்!

ஒரு நாள் நடந்தது

என் நண்பர் ஒருவர் தம் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு அகலமான, முரட்டுச் சேற்று டயர்களை மாட்டினார். மழைக்கால ஞாயிறு ஒன்றில் ஒரகடத்துக்கு அருகே ஓர் ஏரிக்கரைக்குப் பறவைகளைப் பார்க்கப் போனோம். வண்டிப்பாதையில் வண்டி அழகாகப் போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். திரும்பும்போது பிடித்தது மழை. நெடுஞ்சாலையில் முன்னே போன லாரி திடீரென்று நின்றது. நண்பர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய், லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சிறிது நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிறுத்துவது டயரின் பிடிப்பு. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால், அந்த அஞ்சலட்டையில் தரையைத் தொடும் ரப்பர் குறைந்துபோகிறது. சாலை டயரின் பட்டன்களில் மெல்லிய கீறல்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஈரத்தைத் துடைத்து ரப்பரைச் சாலையோடு ஒட்டவைப்பவை அவை. சேற்று டயரில் அவை குறைவு. இரைச்சல், கூடுதல் பெட்ரோல் செலவு போன்றவை இதற்குப் பிறகுதான்.

அகலமான டயர் என்றால் தரையைத் தொடும் பரப்பும் அதிகம் என்று நண்பர் நினைத்திருந்தார். நம் கணக்கை மறுபடி பாருங்கள்: எடையை அழுத்தத்தால் வகுத்தோம், அகலம் அதில் வரவே இல்லை. அதே காற்றழுத்தத்தில் அகலமான டயரின் தடம் குட்டையாகிவிடும், பரப்பு அதேதான். அகலமான டயர் கொஞ்சம் குறைந்த காற்றிலும் பாரம் தாங்கும் என்பது மட்டும் உண்மை. இரண்டாம் உலகப் போரில் சேற்றிலும் பனியிலும் ஓடிய ஜீப்பின் டயர் ஆறே அங்குல அகலம்தான்!

எண்கள் சொல்லும் செய்தி

மாமாவின் டயரின் பக்கச் சுவரில் 215/65 ஆர் 16 என்று எழுதியிருக்கிறது. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 'ஆர்' ரேடியலைக் குறிக்கும். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். (மூன்று அளவுகளுக்கு மூன்று வகை அலகு! யார் செய்த குழப்பமோ.) பக்கச் சுவர் 139.75 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு; அதோடு ரிம் 406.4 மி.மீ. டயரின் முழு விட்டம் 686 மி.மீ.

இதற்குப் பதில் 215/75 போட்டால்? விட்டம் 729 மி.மீ. ஆகும். 43 மி.மீ. கூடியதில், அச்சு உயர்வது அதில் பாதிதான், சுமார் 21 மி.மீ. அந்த ஒரு விரற்கடைக்கு என்ன விலை? ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 6 சதவீதம் கூடுதல் தூரம் போகும். முள் 80 காட்டும்போது உண்மை வேகம் 85. சேற்றிலும் மேட்டிலும் மெல்ல ஊர்வதற்காகவே இந்த வண்டியின் முதல் கியரை மிகக் குறைந்த வேகத்துக்கு அமைத்திருக்கிறார்கள். பெரிய டயர் அந்த நன்மையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசலாம். ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் ஒன்று இருக்கிறது. அதுபோன்ற இடங்களில்தான் ஒரு வண்டியின் பிரேக்கைச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை குறிப்பிட்ட அளவு டயருக்கு நடந்தது. நாம் வேறு அளவு மாட்டினால் அந்தச் சான்று நமக்குப் பொருந்தாது.

ரிம் விஷயத்திலும் ஒரு மயக்கம் உண்டு. பெரிய ரிம் பார்க்க எடுப்பாக இருக்கும். 17 அங்குல ரிம்மில் 215/60 போட்டால் முழு விட்டம் 690 மி.மீ.; ஏறக்குறைய பழையதேதான். ஆனால் பக்கச் சுவர் 11 மி.மீ. குறைந்துவிட்டது. கல்லில் மோதும்போது வளைந்து கொடுப்பதும், காற்றை இறக்கினால் தளர்வதும் அந்தச் சுவர்தான். கரடுமுரடான பாதைக்குச் சிறிய ரிம்மும் உயரமான சுவருமே நல்லது. இரும்பு ரிம் பலமாக மோதினால் நெளியும், பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம் எடை குறைவு. ஆனால் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் வளையத்தை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதல்லவா? தூரம் கூடினால் பேரிங்கின் மேல் திருப்புவிசையும் கூடும்.

கடையில்

மாமாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மாமா, நூறு கிலோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் மண்ணில் ஓட்டுவீர்கள்?" தினமும் ஆலைக்குப் போவது தார்ச்சாலையில். ஊருக்குப் போகும்போது வயலோரப் பாதை. ஆண்டுக்கு ஒருமுறை ஜவ்வாது மலை. பத்துக்குள்தான் பதில் வரும். அப்படியானால் அதே 215/65 ஆர் 16 அளவில், ஏ.டி. என்று அழைக்கப்படும் இருவழி டயர் போதும். அதன் பட்டன்கள் சாலை டயரைவிடச் சற்று ஆழமானவை, ஆனால் நெருக்கமானவை. மண்ணில் ஓட்டுவதே இல்லை என்றால் சாலை டயரே மேல். காடும் மேடுமாகத் தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் சேற்று டயர்.

நான்கையும் ஒரே வகையாக, ஒரே சமயத்தில் மாற்றச் சொல்லுங்கள். கைவசம் இருக்கும் ஐந்தாவதும் அதே அளவில் இருக்கட்டும். ஒரு சக்கரம் மட்டும் சிறிதானால் அது வேகமாகச் சுழலும். முன்பின் அச்சுகளை இணைக்கும் அமைப்பு ஓயாமல் அந்த வேறுபாட்டோடு மல்லுக்கட்டிச் சூடேறும். அளவுக்குப் பக்கத்தில் 98 போல ஓர் எண் இருக்கும். அது சுமைக் குறியீடு. 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும். பழைய டயரில் இருந்ததைவிட இந்த எண் குறையக் கூடாது.

மிச்சமாகும் பணத்தில் காற்றழுத்தமானி ஒன்றும், நல்ல பம்பு ஒன்றும் வாங்கச் சொல்லுங்கள். மணலிலோ சேற்றிலோ போகுமுன் காற்றை 18, 20 பவுண்டுக்கு இறக்கலாம். அதைவிட மிகவும் குறைத்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். வேகமும் 20, 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். சாலைக்குத் திரும்பியதும், கிளம்புமுன் பழைய அளவுக்கு அடித்துவிட வேண்டும், பம்பு அதற்குத்தான். தளர்ந்த டயர் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடாகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துத் தொட்டுப் பாருங்கள், புரியும். அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கிறது.

கடைக்காரர் டயரை உருட்டிக்கொண்டு வந்ததும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பிறகு பக்கச் சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அந்த டயர் பிறந்தது என்று பொருள். ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகும். ஐந்து டயரிலும் பாருங்கள். ஒன்று மட்டும் பழசாக இருந்தால் மாற்றித் தரச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டாம்.