சிலிண்டருக்குத்தான் விலை

வீட்டு ஷெட்டில் ஆசைக்கு வெல்டிங் பழகுகிறவர்கள் மெஷின் வாங்கிய பிறகுதான் ஆர்கான் சிலிண்டரின் விலையைக் கேட்டு மலைக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த வாயு அரிதானதே அல்ல. காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான். பத்தடி நீள அகலமும் பத்தடி உயரமும் உள்ள அறையில் சுமார் 260 லிட்டர் ஆர்கான் இருக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் செலவழித்தால் 26 நிமிடம் டிக் வெல்டிங் செய்யலாம்!

இவ்வளவு இருந்தும் 1894 வரை யாரும் அதை அடையாளம் காணவில்லை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அமோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் கனமாக இருப்பதை இங்கிலாந்தின் விஞ்ஞானி ராலே கவனித்தார். எடை போட்டதில் பிழை என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம்தான்; அவர் விடவில்லை. வில்லியம் ராம்சேயும் அவரும் சேர்ந்து துருவியபோது ஆர்கான் அகப்பட்டது. பாறைகளிலுள்ள பொட்டாசியம்-40 கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து கசியவிட்ட வாயு அது. எதனோடும் சேராததால் காற்றிலேயே தங்கிவிட்டது.

வெல்டருக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான். உருகிய இரும்பு காற்றிலுள்ள நைட்ரஜனைக் கரைத்துக்கொள்ளும். இறுகும்போது வெளியே தள்ளும். வெளியேற நேரமில்லாத குமிழிகள் ப்ளோ ஹோலாக உள்ளேயே நின்றுவிடும். ஆர்கான் காற்றைவிட 1.38 மடங்கு கனம் என்பதால் உருகிய குளத்தின் மேல் படிந்து காற்றை அண்டவிடாது.

காற்றிலிருந்து ஆர்கானைப் பிரிப்பதும் எளிதல்ல. திரவமாக்கிய காற்றில் நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும், ஆர்கான் 186-லும், ஆக்ஸிஜன் 183-லும் கொதிக்கின்றன. ஆர்கானையும் ஆக்ஸிஜனையும் பிரிக்கக் கிடைப்பது மூன்றே டிகிரி இடைவெளி. ஆனால் எஃகு ஆலைகளுக்காக ஆக்ஸிஜன் எடுக்கும் நிலையங்களில் ஆர்கானும் கூடவே கிடைத்துவிடுகிறது. நம் கையைக் கடிப்பது அதற்கு அப்புறம் வரும் இரும்பு. சாதாரண வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் ஆர்கான் திரவமாகாது. ஆகவே 47 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் வாயுவாகவே திணிக்கிறார்கள். ஏறத்தாழ 7 கன மீட்டர். எடை சுமார் 12 கிலோதான். அதைச் சுமக்கும் சிலிண்டரோ 50 கிலோவுக்கு மேல். சின்ன சிலிண்டரில் ஒரு லிட்டர் வாயுவுக்கான செலவு இன்னும் கூடும். இடமும் தூக்க ஆளும் இருந்தால் பெரியதை வாடகைக்கு எடுப்பதே என் கணக்கில் லாபம்.

இரும்பு மட்டும் ஒட்டப்போகிறவருக்கு இன்னும் மலிவான வழி உண்டு: கம்பியை ஊட்டும் மிக் மெஷினும் கார்பன் டை ஆக்சைடும். அது அறை வெப்பத்திலேயே அழுத்தத்தில் திரவமாகிவிடும். 15 லிட்டர் சிலிண்டரில் 10 கிலோ அடைத்தால் 5,400 லிட்டர் வாயு; அதே சிலிண்டரில் ஆர்கான் 2,250 லிட்டர்தான். ஆனால் இது ஆர்கானைப் போலச் சும்மா இருக்காது. ஆர்க்கின் சூட்டில் உடைந்து ஆக்ஸிஜனை விடும். கம்பியில் கலந்துள்ள சிலிக்கனும் மாங்கனீசும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆறிய பீடின் (வெல்டிங் வரியின்) மேல் பழுப்பு நிறத்தில் கண்ணாடிச் சில்லுகள் போல ஒட்டியிருப்பவை அப்படிப் பிடிபட்ட ஆக்ஸிஜன்தான். கம்பி பிரஷ்ஷால் தட்டினால் உதிர்ந்துவிடும். அலுமினியத்துக்கோ டிக் வெல்டிங்குக்கோ இது உதவாது. டிக் டார்ச்சின் டங்ஸ்டன் ஊசி கருகிவிடும்.

எந்த வாயுவானாலும் ஃப்ளோ மீட்டரைக் கூட்டி வைப்பதில் பயனில்லை. வேகம் மிஞ்சினால் ஓட்டம் சுழித்து, காற்றைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். காசும் போகும், ப்ளோ ஹோலும் விழும். டிக் டார்ச்சில் கேஸ் லென்ஸ் மாட்டினால் அதன் மெல்லிய வலை ஓட்டத்தைச் சீராக்கும். குறைந்த வாயுவே போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஆனால் கதவைச் சாத்தாதீர்கள். ஆர்கானுக்கு வாசனை கிடையாது, தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சை அடைத்துவிடும். பழைய சிலிண்டர் மலிவாகக் கிடைத்தால், அதன் தோளில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியை முதலில் பாருங்கள். தேதி தாண்டியதை மறு சோதனை செய்யாமல் நிரப்பக் கூடாது.