ரோமாபுரியின் அரசர்கள் – 14: தாய் மடியில் பாய்ந்த வாள்

புனேயின் மகர்பட்டாவில் குடியிருக்கும் தமிழர்களுக்கு சனிவார் வாடா தெரியாமல் இருக்காது. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் அழைத்துப்போகும் இடம். முதலாம் பாஜிராவ் கட்டிய அந்த அரண்மனை 1828இல் எரிந்துபோய், மதிலும் வாசல்களும் அடித்தளமும்தான் மிச்சம். அங்கே நடந்த ஒரு கொலை தெரிந்தால், ரோமப் பேரரசர் காரகல்லாவைப் புரிந்துகொள்வது எளிது.

1772 நவம்பரில் மராட்டிய ஆட்சித் தலைவரான பேஷ்வா மாதவராவ் காசநோயால் தேஊரில் இறந்தார். வயது 27. பட்டத்துக்கு வந்த தம்பி நாராயணராவுக்கு 17. பட்டத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பா ரகுநாதராவ் அதே அரண்மனையில் காவலில் இருந்தார். 1773 ஆகஸ்ட் 30 அன்று, சம்பளப் பாக்கி கேட்டுக் குமுறிக்கொண்டிருந்த கார்டிக் கூலிப்படை உள்ளே புகுந்தது. நாராயணராவ் ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு உயிருக்குக் கெஞ்சினார். அங்கேயே வெட்டினார்கள். ரகுநாதராவ் பிடிக்கச் சொன்னாரா, கொல்லச் சொன்னாரா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அடுத்த பேஷ்வா அவர்தான்.

ரோமில் கதை இதைவிடக் கொடூரம். கி.பி. 211இல் செப்டிமியஸ் செவரஸ், இரண்டு மகன்களையும் கூட்டுப் பேரரசர்களாக விட்டுவிட்டுக் கண்மூடினார். ஒற்றுமையாக இருங்கள், படைவீரர்களுக்கு அள்ளிக் கொடுங்கள், மற்றவர்களைப் பொருட்படுத்தாதீர்கள் என்பது அவருடைய கடைசி அறிவுரையாம். மூத்தவன் காரகல்லா முதல் பாதியைக் காற்றில் விட்டான். சமாதானம் பேசலாம் என்று தாய் ஜூலியா டோம்னாவின் அறைக்குத் தம்பி கெட்டாவை அந்த டிசம்பரில் வரவழைத்தான். வாளோடு ஆட்கள் வந்தார்கள். அம்மாவைக் கட்டிக்கொண்ட கெட்டா அவள் மடியிலேயே செத்தான்.

அறிவுரையின் மறுபாதியை மட்டும் காரகல்லா மறக்கவில்லை. நேரே காவற்படை முகாமுக்கு ஓடி, பணத்தை வாரி இறைத்தான். கெட்டாவின் ஆட்கள் என்று சுமார் 20,000 பேர் கொல்லப்பட்டதாகக் காசியஸ் டியோ எழுதுகிறார். கல்வெட்டுகளில் தம்பியின் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். ஓவியத்தில்கூட முகத்தை அழித்தார்கள். பேரரசில் வாழ்ந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் 212இல் குடியுரிமை தந்தவனும் இவனே.

இரண்டு ஊரிலும் ஒரு சட்டநிபுணர் குறுக்கே நின்றார். தம்பியின் கொலைக்கு நியாயம் எழுதித் தர பாப்பினியன் மறுத்தார் என்பது ரோமானிய மரபுச் செய்தி. 212இல் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். புனேயில் நீதிபதி ராம்சாஸ்திரி பிரபுணே, இதற்கு மரண தண்டனைதான் பரிகாரம் என்று ரகுநாதராவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஊரைவிட்டு வெளியேறினார். அவர் தலை தப்பியது. சில மாதங்களிலேயே அமைச்சர் நானா பட்னாவிஸ் முதலானோர் ரகுநாதராவை இறக்கிவிட்டு, பிறந்து சில வாரங்களே ஆன நாராயணராவின் பிள்ளையைப் பேஷ்வாவாக்கினார்கள். ராம்சாஸ்திரி மறுபடி பதவிக்கு வந்தார். ரகுநாதராவ் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் போனார். அதில் மூண்டதுதான் முதல் ஆங்கிலேய-மராட்டியப் போர்.

காரகல்லாவை இறக்க அப்படி யாருமில்லை, வாளைத் தவிர. 217 ஏப்ரலில் வழியில் சிறுநீர் கழிக்க இறங்கியவனை அவனுடைய வீரனே குத்திக் கொன்றான். சதியின் பின்னணியில் இருந்தவர் காவற்படைத் தலைவர் மக்ரீனஸ். அடுத்த பேரரசரும் அவரே. காசு கொடுத்து வாங்கிய காவல், அடுத்தவன் விலை பேசும்வரைதான்.

(அடுத்த வாரம்: மக்ரீனஸைக் கவிழ்த்த 14 வயதுப் பையன்)