“எனக்கே சரியா வராது சேர்”: உச்சரிப்பைக் கற்பிக்கத் தயங்கும் ஆங்கில ஆசிரியர்கள்

கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளை முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டு கட்டுறு பயிற்சிக்காக எமது பாடசாலைக்கு வரும் ஆங்கில ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. அவர்களது வகுப்பில் பின் வாங்கில் அமர்ந்திருக்கும்போது ஒரு விடயத்தை அடிக்கடி காண்கிறேன். வாசிப்பும் இலக்கணமும் திட்டமிட்டபடி நடக்கும். பாடக்குறிப்பில் ‘உச்சரிப்பு: 5 நிமிடம்’ என்றும் எழுதியிருக்கும். அந்த ஐந்து நிமிடம் மட்டும் வராது, மணி அடித்துவிடும்.

ஏன் என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். “எனக்கே சரியா வராது சேர். நான் பிழையாச் சொல்லிக் குடுத்தா பிள்ளைகளும் அப்படியே பழகிடுவாங்க.”

இந்தப் பதிலில் நேர்மை இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு தவறான எண்ணமும் மறைந்திருக்கிறது. உச்சரிப்பு என்றால் லண்டன்காரர் பேசுவது போலப் பேசுவது என்ற எண்ணமே அது.

வேறு காரணங்களும் சொல்கிறார்கள். சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை எழுத்துப் பரீட்சைதானே, மாணவர் வாய் திறந்து ஒரு வசனம் பேசவேண்டியதில்லையே என்கிறார்கள். அது உண்மை. ஆனால் நேர்முகப் பரீட்சையில் அதே மாணவர் வாய் திறந்துதான் ஆக வேண்டும். யூடியூப் பார்த்துப் பழகிக்கொள்வார்கள் என்றும் சொல்கிறார்கள். கேட்பது உதவும். ஆனால் தன் மொழியில் இல்லாத ஒலியை யாராவது சுட்டிக்காட்டாவிட்டால் பல பிள்ளைகளின் காது அதைப் பிரித்தறிவதில்லை.

எனினும் இவை மேலோட்டமான காரணங்கள். அடியில் இருப்பது பயம். அந்தப் பயத்தை நானும் அறிவேன்.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் ஒருநாள் பந்தியொன்றை உரத்து வாசித்தேன். மண்டபத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘ஹோல்’ என்றேன். விரிவுரையாளர் நிறுத்தினார். “மண்டபமா, துளையா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அந்தத் தவணை முடியும்வரை நான் அந்த வகுப்பில் வாய் திறக்கவில்லை.

பிழை எங்கே இருந்தது? ஆங்கிலத்தில் ‘ஆ’வுக்கும் ‘ஓ’வுக்கும் இடைப்பட்ட ஓர் உயிரொலி உண்டு. அது தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. ஆகவே மண்டபமும் துளையும் எமது வாயில் ஒன்றாகிவிடுகின்றன. இதை வைத்தே எமது நாட்டில் ‘நொட் பொட்’ இங்கிலீஷ் என்ற கேலி பிறந்தது. ஆங்கிலத்தைச் சிங்களத்தில் ‘கடுவ’, அதாவது வாள், என்று சொல்வார்கள். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர் அது. ஆனால், ‘பாடசாலை ஹோலில் கூட்டம்’ என்றால் எவரும் துளைக்குள் போய்த் தேடமாட்டார்கள். அங்கே கருத்து விளங்காமல் போகவில்லை. பேசியவர் எந்த வீட்டுப் பிள்ளை என்பதுதான் அளக்கப்பட்டது.

2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாக அரசாங்கம் பிரகடனப்படுத்தியபோது, ‘ஆங்கிலத்தை எமது பாணியில் பேசுவோம்’ என்பதே சுலோகமாக இருந்தது. அன்று சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று பயிலுனர் ஆசிரியர்களாக வருகிறார்கள். சுலோகம் மறைந்துவிட்டது, பயம் மறையவில்லை.

அப்படியானால் எதைக் கற்பிப்பது? எமது பாணி என்பதற்காக எப்படியும் பேசலாம் என்பதல்ல. கேட்பவருக்கு விளங்க வேண்டும். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்தக் கோட்டைத்தான் வரைந்தார். வெவ்வேறு தாய்மொழிக்காரர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்தப் பிழைகள் விளக்கத்தைக் கெடுக்கின்றன, எவை கெடுப்பதில்லை என்று பிரித்துக் காட்டினார். அவர் முக்கியமெனக் கண்டவற்றில் மூன்று எமது வகுப்பறைக்கு நேரடியாகப் பொருந்தும்.

முதலாவது, உயிரொலியின் நீளம். ‘ஷிப்’ என்றால் கப்பல், ‘ஷீப்’ என்றால் செம்மறியாடு. குறில் நெடில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதல்ல.

இரண்டாவது, மெய்யொலிகளை விழுங்காமல் சொல்வது. ‘வோக்ட்’ என்பதை ‘வோக்’ என்று முடித்தால், நேற்று நடந்தது இன்று நடப்பதாகிவிடும்.

மூன்றாவது, வசனத்தில் எந்தச் சொல்லை அழுத்துவது என்பது. தமிழில் ‘சிவப்புப் பேனைதான் வேண்டும்’ என்று ‘தான்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தத் ‘தான்’ குரலில் இருக்கிறது.

இவற்றைக் கற்பிக்க லண்டன் நாக்கு தேவையில்லை. பயிலுனரிடம் இதைச் சொல்லும்போது அவர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எமது பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பயிலுனர் ஆசிரியை தரம் 6இல் மிருகக்காட்சிசாலைக்குரிய ஆங்கிலச் சொல்லைக் கற்பித்தார். பிள்ளைகள் ‘சூ’ என்றே சொன்னார்கள். நாலு தடவை திருத்தியும் பயனில்லை. பிறகு, “குர்ஆன் மத்ரஸாவில ‘ஸாய்’ எழுத்தை எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் வண்டு ரீங்கரிப்பது போலச் சரியாகச் சொன்னது. “அதே சத்தம்தான் இதுக்கும்” என்றார். வேலை முடிந்தது.

‘ஃபா’வும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘நன்றி’ சொல்லும் வார்த்தையின் முதல் ஒலி மூன்று புள்ளியுள்ள ‘ஸா’வின் ஒலி. ‘இது’ என்ற சொல்லின் முதல் ஒலி புள்ளியுள்ள ‘தால்’. இவை கடைசி இரண்டும் பிழைத்தாலும் விளக்கம் பெரிதாகக் கெடாது என்கிறார் ஜென்கின்ஸ். ஆனால் தஜ்வீத் படித்த பிள்ளையிடம் அந்த ஒலிகள் ஏற்கனவே இருக்கின்றன. அவை ஆங்கிலத்திலும் உண்டு என்று யாரும் சொல்லிக் கொடுக்காததே குறை.

மத்ரஸாவிடமிருந்து முறையையும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே மக்ரஜைக் காட்டுகிறார்கள், நாக்கு எங்கே படவேண்டும் என்று சொல்கிறார்கள், சேர்ந்து ஓதுகிறார்கள், திரும்பத் திரும்ப ஓதுகிறார்கள். பக்கத்துப் பிள்ளைக்கு ஓர் எழுத்து வரவில்லையென்றால் அது கேலிக்குரிய விடயமல்ல, இன்னொரு தடவை ஓதவேண்டிய விடயம். ஆங்கில வகுப்பிலும் வாரத்துக்கு இரண்டு ஒலிகளை இப்படிச் செய்தால் அந்த ஐந்து நிமிடம் போதும்.

அதிபர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். புதிதாக வரும் ஆங்கில ஆசிரியரின் உச்சரிப்பை நகரத்துச் சர்வதேசப் பாடசாலையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். பயந்த ஆசிரியர் உச்சரிப்புப் பாடத்தைத் தவிர்ப்பார். அவரிடம் படிக்கும் பிள்ளை, ஆங்கிலம் எழுதத் தெரிந்தும் பேசத் தெரியாமல் பாடசாலையை விட்டு வெளியேறும். சிரிப்புக்குப் பயந்து ஒரு தவணை மௌனமாக இருந்தவன் நான். அந்த மௌனம் என் மாணவர்களுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் வேண்டாம்.